தண்டுப் பகுதியின் பழைய தேவாலயங்கள்

ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் பெங்களூர்ச் சிவாஜிநகரிலுள்ள மரியன்னை பேராலயத்தில் திருவிழாக் கொடி ஏறுகிறது. அன்று தொடங்கி, அன்னையின் பிறந்த நாளாகிய செப்டம்பர் 8-ஆம் நாள் வரை, காவி உடுத்து நோன்பு நோற்போர் நகரின் பல திசைகளிலிருந்தும் கால்நடையாகவே அங்கு வந்து சேர்கின்றனர். வேளாங்கண்ணியில் விழா நிகழ்வதும் இதே நாட்களில்தான். ஆதலால் தமிழர்க்கு இக்காட்சி புதியதன்று. ஆயினும் நாம் அப்பேராலயத்துக்கு நேர்வழியே சென்றுவிடாமல், சற்றுச் சுற்றி, இடையிலுள்ள பழைய தேவாலயங்கள் சிலவற்றின் வாயிலில் நின்று நின்று செல்வோமாயின், நம்மவர் இந்நகருக்கு எக்காலத்தில், எவ்வாறு வந்தனர் என்னும் வரலாறு நமக்குத் துலங்கும். ஒரு காலைப் பொழுதில் நடந்து முடிக்கத்தக்க தொலைவே அது.

புறப்படுமுன் ஒரு செய்தியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அங்கு நிறுத்தப்பெற்ற ஆங்கிலப் படையினர் காய்ச்சலால் நலிந்தமையால், 1809-இல் பெங்களூருக்கு மாற்றப்பெற்றனர். கெம்பே கௌடர் கண்ட பழைய பேட்டைக்குக் கிழக்கே, அல்சூர் ஏரியை ஒட்டிய மேட்டு நிலத்தில் புதிய படைவீடு எழுந்தது. அதனையே கன்னட மக்கள் ‘தண்டு’ என்றனர். வந்தது சென்னைப் படை. அதனுடன் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சிப்பாய்கள் வந்தனர். சிப்பாய்களோடு சமையற்காரர், தையற்காரர், குதிரைக்காரர், கொத்தனார், புல் வெட்டுவோர், வணிகர் யாவரும் வந்தனர். இவ்வாறு பேட்டைக்கு அருகிலேயே, பெரும்பாலும் தமிழ் வழங்கும் மற்றொரு நகரம் தோன்றிற்று.

நடையைத் தூய மாற்கு பேராலயத்தில் தொடங்குவோம். 1808-இல் தொடங்கி 1812-இல் கட்டி முடிக்கப்பெற்று, 1816-இல் அபிஷேகம் செய்யப்பெற்ற ஆலயம் இது. 1923-இல் தீக்கிரையாகி, மீண்டும் எடுக்கப்பெற்று 1927-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பெற்றது. உள்ளே சென்றால் சுவரெங்கும் நினைவுப் பலகைகள்: போரில் மாண்ட அதிகாரிகள், நோயில் மாண்ட அதிகாரிகள், அவர்தம் மனைவியர், குழந்தைகள். படித்துக்கொண்டே போனால் மனம் நெகிழ்கிறது. இளம் வயதில், தாய்நாட்டை விட்டு இத்தனை தொலைவில் வந்து இறந்தவர்கள் அவர்கள். ஆனால் சுண்ணாம்பு குழைத்தவன் பெயரையோ, கல் சுமந்தவள் பெயரையோ நாம் எந்தப் பலகையிலும் காண்பதில்லை. அவர்களைத் தேடித்தான் நாம் மேலும் நடக்க வேண்டியிருக்கிறது.

மகாத்மா காந்தி சாலையின் கீழ்க்கோடியில், 1850-களின் தொடக்கத்தில் வழிபாட்டுக்கு வந்த தூய திரித்துவ ஆலயம் நிற்கிறது. வெள்ளைப் படையினர்க்கென்றே எழுப்பப்பெற்ற பெரிய கட்டடம். அங்கிருந்து திரும்பிக் கப்பன் சாலைக்கு வந்தால், ஸ்காட்லாந்துப் படையினர்க்காக 1864-இல் அடிக்கல் நாட்டி 1866-இல் திறந்த தூய அந்திரேயா ஆலயம். இரண்டும் பார்க்கத்தக்கவை, எனினும் நம் கதை அவற்றில் இல்லை.

நம் கதை, கமர்ஷியல் தெருவின் கூட்டத்துக்கு ஓரமாக ஒதுங்கி நிற்கும் தூய பவுல் ஆலயத்தில் தொடங்குகிறது. புடவை வாங்கப் போகிறவர் எத்தனையோ பேர் அதனைக் கவனியாமலே கடந்து செல்கின்றனர். தண்டுப் பகுதியில் தமிழர்க்கென எழுந்த முதல் ஆங்கிலிக்கன் ஆலயம் அதுவே, ஆண்டு 1840. அதற்கு முன்னரே தமிழ் வழிபாடு இங்கே வேரூன்றியிருந்தது. 1821-இல் எலிஜா ஹூல் முதலிய வெஸ்லியன் ஊழியர் இங்கு வந்து தமிழிலே பணி தொடங்கினர். லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிளேவல் என்பவரோ, வெள்ளைக்காரப் பெயர் பூண்ட தமிழர். துரைமார் வீட்டில் ஊழியம் செய்து பிழைத்தவர். அவர் 1822-இல் பெங்களூரில் குருப்பட்டம் பெற்றார். பின்னர் பல்லாரிக்குச் சென்று, 1847-இல் காலரா நோயால் அங்கேயே காலமானார். ஊழியக்காரராக ஊர் விட்டு வந்த ஒருவர், சில ஆண்டுகளில் தம் மக்களுக்கே போதகராக நின்றார் என்பது சிறு செய்தியன்று.

இனி மரியன்னை பேராலயம். இவ்விடத்துக்குப் பழம்பெயர் பிளாக்பள்ளி. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியோர் இங்கு வெள்ளரிசி விளைத்தமையால் ‘பிளி அக்கி பள்ளி’ எனக் கன்னடத்தில் வழங்கி, அதுவே மருவிற்று என்பர் சிலர். அக்குடியேறிகளுக்காக ஓலை வேய்ந்த சிறு கோயில் ஒன்றை அமைத்தவர் ஆபே துபுவா என்னும் பிரெஞ்சுக் குரு. திப்புவுக்குப் பின் மைசூர் நாட்டில் சிதறிக்கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்றுகூட்டியவர் அவர். அம்மை குத்தும் முறையைப் பரப்பியவர். நம் மக்களைப் போலவே உடுத்தும் உண்டும் வாழ்ந்தவர். இந்து சமயப் பழக்கவழக்கங்களைப் பற்றிய அவரது நூல் பெரும்புகழ் பெற்றது. அதன் பெரும்பகுதி அவருக்கு முற்பட்ட கூர்தூ என்னும் இயேசு சபைக் குருவின் கையெழுத்துப் படியிலிருந்து எடுக்கப்பெற்றது என்பது பின்னாளில் தெரியவந்தது. நூலின் பெருமை குறைந்தாலும், ஓலைக் கோயிலின் பெருமை குறைவதற்கில்லை.

துபுவா 1823-இல் தாய்நாடு திரும்பினார். அவருக்குப்பின் புதுச்சேரியிலிருந்து வந்த அந்திரேயாஸ் என்னும் தமிழ்க் குரு, ஓலைக் கோயில் இருந்த இடத்தில் சிலுவை வடிவிலே சிறிய ஆலயம் ஒன்றை எழுப்பினார். இன்று நாம் காணும் கூர்ங்கோபுரக் கட்டடம் கிளைனர் பாதிரியாரின் முயற்சி. 1875-இல் தொடங்கி, 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் அபிஷேகம் கண்டது. 1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் வாட்டியபோது, மதவேறுபாடின்றி மக்கள் ஆரோக்கிய மாதாவிடம் அடைக்கலம் புகுந்தனர். 1970-களில் ‘பசிலிக்கா’ என்னும் சிறப்பு நிலையும் கிட்டிற்று. கட்டடம் பிரெஞ்சு நாட்டு முறை. உள்ளே வீற்றிருக்கும் அன்னைக்கோ சேலை உடுத்துகின்றனர்.

ஓலைக் கோயிலுக்கு அந்நாளில் ‘காணிக்கை மாதா கோயில்’ என்று பெயர். காணிக்கை என்பது தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவான சொல். இதனை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. வத்திக்கான் பொதுச்சங்கம் (1962–65) லத்தீனை விடுத்துத் தாய்மொழியில் பூசை நிகழ்த்த இசைந்தபின், பெங்களூர்க் கத்தோலிக்கரிடையே எம்மொழி என்னும் வழக்கு எழுந்து, பல்லாண்டு மனக்கசப்பை விளைத்தது. தமிழர் தம் நெடுங்கால உரிமையைச் சொன்னார்கள். கன்னடர் தம் மண்ணின் மொழியைச் சொன்னார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் வந்தேறிகள் என்று நம்மை எவரேனும் சொல்லும்போது, தலைமுறைகளை எண்ணிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு; அவ்வாறே, நமக்கு இடம் தந்த மொழியைக் கற்கும் கடமையும் உண்டு. இப்பொழுது அப்பேராலயத்தில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் பூசை நடைபெறுகிறது.

திருநாளன்று மாலையில் தேர் புறப்படும். அந்நேரம் சிவாஜிநகர்த் தெருக்களில் கால் வைக்க இடம் இராது. நடந்து வருவோர் நண்பகலுக்கு முன்பே வந்துவிடுதல் நலம்.