முகப்பு விளக்கின் கதை

வரலாறு என்றவுடன் உங்கள் மனக்கண்முன் கோட்டைகளும் கொடிகளும் போர்களுமே தோன்றும். பல்லாண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், உங்களை அவ்வாறு பழக்கியதில் எனக்கும் பங்குண்டு. இன்று அதற்கு ஈடு செய்ய விரும்புகிறேன். மோட்டார் வண்டியின் முகப்பு விளக்கில் எரியும் சிறு பல்புக்குள்ளும் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. அதை நான் தேடத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு விபத்து.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குத் திருவள்ளூர் நெடுஞ்சாலை வழியே மிதிவண்டியில் சென்றுகொண்டிருந்தேன். எதிரே ஒரு சிறிய சரக்கு வண்டி வந்தது. அதன் விளக்கொளி கண்ணில் பட்ட கணத்தில் சாலையும் மறைந்தது. ஓரத்துப் பள்ளமும் மறைந்தது. விழுந்தேன். முழங்கையில் காயம் பட்டதோடு போயிற்று. வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்த ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துத் திகைத்தார். அவர் என்னிடம் படித்த மாணவர்!

“ஐயா, மன்னிக்க வேண்டும். விடியற்காலையில் காய்கறி ஏற்றப் போகிறேன். கம்பெனி பல்பில் வெளிச்சம் போதவில்லை. அதனால் எல்.இ.டி. பல்பு வாங்கி மாட்டினேன்” என்றார்.

அவர் குற்றவாளியல்லர். இருளில் பிழைப்பு நடத்துபவர் கூடுதல் ஒளியை நாடுவது இயல்பே. பின் தவறு எங்கே நேர்ந்தது? அதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஜோசப் லூகாஸ் என்பவர் மண்ணெண்ணெயைத் தெருத்தெருவாக விற்று வாழ்ந்தார். பின்னர் விளக்குச் செய்யும் தொழிலில் இறங்கினார். 1879-ஆம் ஆண்டளவில் அவருடைய நிறுவனம், உயரமான சக்கரத்தின் அச்சில் தொங்கும் மிதிவண்டி விளக்கொன்றைச் செய்து, அதற்குச் ‘சாலை மன்னன்’ என்று பெயர் சூட்டியது. மோட்டார் வண்டி வந்தபோது எண்ணெய் விளக்கு போதவில்லை. கால்சியம் கார்பைடின்மீது நீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு உண்டாகும். அவ்வாயுவை எரித்து ஒளி பெற்றார்கள். 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் கார் மின்சார விளக்கோடும், மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் கருவியோடும் வெளிவந்தது. அதே 1912-இல் நம் நாட்டில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார் என்பதையும் நினைவிற் கொள்க.

இவ்விரு மரபுகளும் எங்கே சந்தித்தன தெரியுமா? நம் பாடியில்! மோட்டார் வண்டிகளுக்கான மின்கருவிகளைச் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் 1961-இல் தோன்றியது. அதே ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்று, 1965-இல் முதல் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. அதற்கு முன்பே, 1949-இல் தோன்றிய டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தின் சைக்கிள் ஆலை அம்பத்தூரில் அமைந்தது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊர்கள் இவ்வாறு சக்கரங்களின் ஊர்களாயின. நான் சிறுவனாயிருந்தபோது, இரவுப் பணி முடித்து வரும் தொழிலாளர்களின் மிதிவண்டி விளக்குகளைத் திண்ணையில் அமர்ந்து பார்ப்பேன். டயரில் உரசிச் சுழலும் டைனமோ அது. வேகமாக மிதித்தால் ஒளி வளரும், மெதுவாக மிதித்தால் மங்கும். அதைக் கண்டு யார் கண்ணும் கூசியதில்லை.

மோட்டார் விளக்கோ அப்படியன்று. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பதற்காக 1920-களில் ஐரோப்பாவில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகளை அமைத்தார்கள். ஒன்று தொலைவுக்கு, மற்றொன்று அருகுக்கு. அருகு இழையின் கீழே ஒரு சிறு உலோகத் தகடு உண்டு. மேல்நோக்கிப் பாயக்கூடிய ஒளியை அது தடுத்துவிடும். 1962-இல் ஐரோப்பிய வண்டிகளுக்கு ஹாலஜன் பல்பு வந்தது. இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை ஹாலஜன் வாயு மீண்டும் இழைக்கே சேர்ப்பதால், கண்ணாடி கறுப்பதில்லை. 1971-இல் வந்த ‘எச்-4’ பல்பில் தொலைவுக்கு 60 வாட், அருகுக்கு 55 வாட்.

இங்கே வாட்டைவிட முக்கியமானது இழை இருக்கும் இடம். பின்னாலுள்ள குழியாடி அந்த இடத்தைக் கணக்கிட்டே வார்க்கப்படுகிறது. வடிவமும் இடமும் பொருந்தாத வேறு பல்பைச் செருகினால் ஒளி சாலையில் விழாது, நாலாபுறமும் சிதறும். ஓட்டுபவருக்குப் பளிச்சென்று தோன்றும், எதிரே வருபவருக்கோ உலகமே இருண்டுவிடும். முற்காலத்தில் நம் மாநிலத்தார் விளக்குக் கண்ணாடியின் நடுவில் கறுப்பு வண்ணம் பூசினார்களே, அதன் நோக்கமும் பிறர் கண்ணைக் காப்பதுதான். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் அதையே அளவோடு கூறுகின்றன: விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசலாகாது.

மறுவாரம் அம்மாணவரோடு ஒரு பட்டறைக்குச் சென்றேன். பழைய பல்பை மீண்டும் மாட்டினோம். அப்போதுதான் உண்மை விளங்கிற்று. விளக்கின் முகப்பு மஞ்சள் படிந்து மங்கியிருந்தது; தரையிணைப்புக் கம்பி துருப்பிடித்து மின்னழுத்தத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. முகப்பைத் தேய்த்துத் துடைத்தார்கள்; கம்பியைச் சீர்செய்தார்கள். மூட்டை ஏற்றிப் பார்த்தபோது வண்டியின் பின்புறம் தாழ்ந்து முகப்பு நிமிர, ஒளி சுவரில் மேலேறியது. அதையும் திருகாணி கொண்டு தாழ்த்தினார்கள்.

“ஐயா, பழைய பல்பே போதும்போலிருக்கிறதே!” என்றார் மாணவர்.

போதும். குறை பல்பில் இல்லை, பராமரிப்பில் இருந்தது. ஆராயாமல் மாற்றினோம், அதனால் நம் குறையைப் பிறர் கண்ணில் எறிந்தோம்.

மாணவர்களே! நீங்கள் நாளை வண்டி ஓட்டுவீர்கள். சிலர் வண்டியைப் படைக்கவும் செய்வீர்கள். நூறாண்டுகளாக அறிஞர்கள் ஒளியைப் பெருக்குவதற்கு உழைத்த அளவு, அதை அடக்குவதற்கும் உழைத்திருக்கிறார்கள். சாலையில் நமக்கு வழி தெரிந்தால் மட்டும் போதாது. எதிரே வருபவருக்கும் தெரிய வேண்டும்.