அசன்பே எந்த மண்ணுக்குச் சொந்தம்?



ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எது என்று பொது அறிவு வினாத்தாள்களில் கேட்பார்கள். 'அசன்பேயுடைய கதை, 1885, சித்திலெப்பை' என்று எழுதிவிட்டு நம் பிள்ளைகள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரி விடைக்குப் பின்னால் அறிஞர்களின் நீண்ட வாதம் ஒன்று இருக்கிறது.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838 இல் கண்டியில் பிறந்த சட்டத்தரணி. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர்.

முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த பணியைப் பேராசிரியர் ம. மு. உவைஸ் 1953 இல் ஆங்கில நூலாகத் தந்தார். பிறகு 1966 இல் மருதமுனையிலும், 1973 இல் திருச்சியிலும், 1979 இல் கொழும்பிலும் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகள் கூடின. முஸ்லிம்களின் எழுத்தைத் தனித்து ஆராய இவை வழி திறந்தன.

அசன்பே பற்றிய வாதம் இதுதான். ஆண்டுக் கணக்கில் அது முந்தியது. ஆனால் கதை நடப்பது எகிப்திலும் இந்தியாவிலும். இலங்கை மண் இல்லாத கதை எப்படி ஈழத்து நாவலாகும் என்று சிலர் கேட்டார்கள். 1905 இல் வந்த சின்னப்பாபிள்ளையின் 'வீரசிங்கன் கதை'யைத்தான் இந்த மண்ணின் முதல் நாவல் என்றார்கள். அப்படிப் பார்த்தால், திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி'யும் (1895) நாயக்கர் காலத் தமிழகத்துக் கதைதானே! அதை யாரும் நமதில்லை என்று தள்ளிவிடவில்லையே.

அமெரிக்காவில் வில்லியம் ஃபோக்னருக்காக மிசிசிப்பி பல்கலைக்கழகம் 1974 முதல் மாநாடு நடத்தி வருகிறது. தன் ஊர்ப்புறத்தையே கற்பனைப் பெயரில் எழுதியவர் அவர். அவருக்கு மண் பற்றிய கேள்வி எழவில்லை. சித்திலெப்பைக்கு எழுந்தது.

கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எகிப்தில் பிறந்த அசன் குழந்தையிலேயே கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, கடைசியில் பெற்றவர்களிடம் போய்ச் சேர்கிறான். வளர்ந்த இடம் வேறு என்பதற்காக அவன் எகிப்தியன் இல்லை என்று சொல்ல முடியுமா?

1990 ஒக்டோபரில் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்றுப் பக்கமிருந்து வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையாகத் தூக்கிச் செல்லப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? புத்தளத்திலேயே பிறந்தவர்கள் எத்தனை பேர்? திரும்பி வந்த நம்மிடமும் 'நீங்கள் எந்த ஊர்?' என்று கேட்கிறார்கள்தானே. பிறந்த இடத்தை மட்டும் வைத்துப் பதில் சொன்னால் உம்மா வாப்பாவின் ஊர் இல்லாமல் போய்விடும்.

என் கருத்து இவ்வளவுதான். ஒரு புத்தகம் யாருடையது என்பதை அதை எழுதிய மனிதரையும், எழுதிய மொழியையும், யாருக்காக எழுதினார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். களம் அதில் ஒரு பகுதி மட்டுமே. அந்தக் கணக்கில் அசன்பே நம்முடையது.

பிள்ளைகளுக்கு ஆண்டை மட்டும் மனனம் செய்யக் கொடுக்காதீர்கள், கதையையும் சொல்லுங்கள். அப்படியே மூத்தவர்களிடம் பழைய ஊர்க் கதைகளைக் கேட்டு ஒரு கொப்பியிலாவது எழுதி வையுங்கள். நாளைக்கு யாராவது ஆராய வந்தால், எடுத்துக் கொடுக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.