பிக்கப் வண்டியைக் காட்டுப் பாதைக்கும் முகாமுக்கும் ஆயத்தம் செய்தல்: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம்

பிக்கப் என்பது முன்னால் ஓட்டுநர் அறையும் பின்னால் திறந்த தொட்டியும் கொண்ட சிறு சரக்கு வண்டி. அதன் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), டயர், தொட்டி, மின்னிணைப்பு ஆகியவற்றில் மாற்றம் செய்து, தார்ச்சாலை முடிந்த பிறகும் ஓடவும் இரவில் தங்கவும் ஏற்றதாக்கும் பணியை இக்கட்டுரை விவரிக்கிறது. தமிழகத்தில் இந்த வேலைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி அளவுக்குப் பொருத்தமான இடம் வேறு இல்லை. வண்டி செய்யும் ஆலை, பேட்டரி செய்யும் ஆலை, லேத்துப் பட்டறை, கல்குவாரி, மலைப்பாதை, யானைக்காடு எல்லாம் இங்கே ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

நிலமும் முன்வரலாறும்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதற்குக் கீழே, பாராமகால் சமவெளியில். இரண்டுக்கும் இடையே ராயக்கோட்டைக் கணவாய். ஓசூருக்குத் தெற்கே தேன்கனிக்கோட்டையைத் தாண்டினால் நிலம் மீண்டும் சரிந்து அஞ்செட்டி வழியாகக் காவிரிக்கு இறங்குகிறது. மேலே செம்மண், அடியில் கருங்கல் பாறை. கோடையில் உருளும் சரளை, மழைக்காலத்தில் டயரில் அப்பிக்கொள்ளும் சேறு என்று ஒரே பாதை ஆண்டுக்கு இரண்டு முகம் காட்டும்.

இந்த ஏற்றத்தில் சுமையை எப்படி ஏற்றுவது என்ற கேள்வி மோட்டாருக்கு வெகுகாலம் முந்தையது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில் ஆங்கிலேயப் படை ராயக்கோட்டையைப் பிடித்ததற்குக் காரணமே இந்தக் கணவாய்தான். சமவெளியிலிருந்து பீடபூமிக்குத் தானியமும் பீரங்கியும் ஏறவேண்டிய வழி இது. அன்றைய படைகள் நம்பியிருந்தவை பொதிமாடுகளும் வண்டிமாடுகளும். காவிரிக் கரையின் ஆலம்பாடி இன மாடு கல்லாங்காட்டு வேலைக்குப் பெயர்போனது. பருத்த உடலைவிட உறுதியான குளம்பும் அடங்காத உழைப்புமே அதன் பெருமை.

1824இல் கிழக்கிந்தியக் கம்பெனி மத்திகிரியில் படைக்குதிரைகளுக்கான பண்ணையை நிறுவியது. இன்று ஓசூர்க் கால்நடைப் பண்ணை என்று அறியப்படுவது அதன் தொடர்ச்சிதான். கரடுமுரடான வழிக்கு ஏற்ற வாகனத்தைத் தயார்செய்யும் தொழில் இந்த ஊருக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன என்று சொன்னால் மிகையாகாது.

மோட்டார்ப் பிக்கப்பின் பிறப்பு அமெரிக்காவில். 1925இல் ஃபோர்டு நிறுவனம் தன் டி மாடல் காருக்குத் தொழிற்சாலையிலேயே இரும்புத் தொட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்றது. ஆஸ்திரேலியாவில் 1934இல் ஃபோர்டின் பொறியாளர் லூ பாண்ட் கார் அறையையும் தொட்டியையும் ஒரே உடலாக இணைத்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் திங்கட்கிழமை சந்தைக்கும் போகிற ஒரே வண்டி வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி எழுதிக் கேட்டதே அதற்குத் தூண்டுதல் என்பார்கள். ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கும் தளி, ஓசூர்ப் பூச்சந்தைக்கும் வாரம் முழுக்க ஓடிவிட்டு விடுமுறையில் குடும்பத்தோடு ஒகேனக்கல் போகும் வண்டிக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல.

இந்தியாவில் 1947 முதல் மகிந்திரா பொருத்தித்தந்த வில்லிஸ் ஜீப்பே முதல் காட்டு வண்டி. சென்னையின் ஸ்டாண்டர்ட் நிறுவனம் செய்த ஸ்டாண்டர்ட் 20 தமிழகச் சாலைகளில் பால் முதல் பத்திரிகைக் கட்டு வரை சுமந்தது. 1988இல் டாடாவின் 206 வந்தது; முழுக்க இந்தியாவில் வடிவமைத்த பிக்கப் என்ற இடம் அதற்கு உண்டு.

ஓசூரின் பங்கு 1980இல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை தொடங்கியதிலிருந்து வளர்கிறது. டிவிஎஸ், டைட்டன் ஆகியவையும் அதே பத்தாண்டில் சிப்காட் தொழிற்பேட்டைகள் சூழ்ந்த இந்த ஊரை நிரப்பின. 2011இல் நிசான் கூட்டில் லேலண்ட் இங்கு உருவாக்கிய தோஸ்த் 1.25 டன் சுமக்கும் வண்டி. மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர் டீசல் எஞ்சின், பின்சக்கர இயக்கம். நான்கு சக்கர இயக்கம் அதற்கு இல்லை. ஆனாலும் அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கத்து மலைக்கிராமங்களுக்குப் போகும் சிமெண்டும் ராகி மூட்டையும் இந்த வகை வண்டிகளில்தான் ஏறுகின்றன.

வகைப்பாடு

பிக்கப்புகளை மூன்று கோணத்தில் பிரிக்கலாம். அடிச்சட்டம் எப்படி என்பது ஒன்று, எத்தனை சக்கரத்துக்கு இழுவை போகிறது என்பது இன்னொன்று, பதிவுச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பது மூன்றாவது. மேம்பாட்டுக்குக் கைவைக்கும் முன் தெரிய வேண்டியது மூன்றாவதுதான். பலரும் கடைசியில் பார்ப்பதும் அதுவே.

பதிவின்படி முதல் வகை, சரக்கு வண்டிகள்: தோஸ்த், பொலேரோ பிக்கப், டாடாவின் குட்டி யானை ஆகியவை. மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் போகாத சரக்கு வண்டிகள் என்1 வகை எனப்படும். மஞ்சள் பலகை, தகுதிச் சான்று ஆகியவை அதற்கு உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவுப்படி பெர்மிட் தேவையில்லை. அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துக்குத் தினமும் போகிற வண்டிக்காரருக்கு இந்த வரம்பு பெரிய விஷயம். தொட்டியில் கூடுதல் இரும்பு வேலை செய்து எடையை ஏற்றுபவர் இதை மறக்கக்கூடாது.

இரண்டாம் வகை, ஐவர் அமரும் இரட்டை அறைப் பிக்கப். தனிநபர் பெயரில் வெள்ளைப் பலகையோடு பதியக்கூடியது. 2016இல் வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் இதை இந்தியாவில் பரவலாக்கியது. ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி ஆலையில் அது தயாராகிறது. அதற்கு முன் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆரம்பித்த ஆலையில்தான் டி-மேக்ஸ் பொருத்தப்பட்டது. 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. ஓசூரிலிருந்து பெங்களூரைக் கடந்தால் வரும் பிடதியில் அது உருவாகிறது. 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், 700 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் திறன் ஆகியவை அதன் சிறப்புகள்.

பார்வைக்கு இரண்டாம் வகைதான் முரட்டு வண்டி. ஆனால் சான்றிதழ் வேறு கதை சொல்லும். தோஸ்த் ஒன்றேகால் டன் சுமக்கும். வி-கிராஸின் தொட்டிக்கு அனுமதிக்கப்பட்ட சுமை கால் டன்னை ஒட்டியே இருக்கிறது. முகாம் சாமான்களைக் கூட்டிப் பார்த்தால் நிலைமை புரியும். கூரைக் கூடாரம் 60 கிலோ, தொட்டியை மூடும் ஃபைபர் கூடு 70 கிலோ, நாற்பது லிட்டர் தண்ணீர் 40 கிலோ, இரண்டாவது பேட்டரி 30 கிலோ, குளிர்பெட்டி 20 கிலோ, ஜாக்கியும் ஸ்பேனரும் கயிறும் 30 கிலோ. ஆக மொத்தம் 250 கிலோ. அரிசி மூட்டை ஏறுவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிட்டது.

கமான் பட்டை

இந்தத் துறையில் முதலில் செலவிட வேண்டிய பணம் கமான் பட்டைக்கும் ஷாக் அப்சார்பருக்கும்தான். பெரிய டயரும் விளக்கு வரிசையும் பிறகு.

சரக்குப் பிக்கப்பின் பின் கமான் முழுச் சுமைக்காகக் கட்டப்பட்டது. தொட்டி காலியாக இருந்தால் வண்டி குதிக்கும், சரளையில் பின்சக்கரம் பிடி இழக்கும். பாதிச் சுமை ஏறினால் அதே வண்டி அமைதியாக ஓடும். முகாம் வண்டியில் சுமை எப்போதும் ஏறியே இருப்பதால் கமானை அந்த எடைக்கு ஏற்றபடி அமைத்துவிடலாம். சரக்குப் பிக்கப் என்றால் ஒரு பட்டையைக் கழற்றுவது, இரட்டை அறை வண்டி என்றால் ஒரு பட்டையைச் சேர்ப்பது, இதுவே பொதுவான வழி. சேர்த்த பட்டை வண்டியை நிமிர்த்துமே தவிர, சான்றிதழில் எழுதிய சுமை வரம்பை உயர்த்தாது.

வேலை நடக்கும் விதம் பார்க்கத்தக்கது. சட்டத்துக்கு முட்டுக்கொடுத்து அச்சைத் தனியே ஜாக்கியில் தாங்குவார்கள். நான்கு யூ போல்ட்டும் கழன்றதும் கமான் கட்டு கீழே இறங்கும். நடுப் போல்ட்டை எடுத்துப் பட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினால் ஒவ்வொன்றின் நுனியிலும் உராய்ந்து பளபளத்த ஒரு தடம் தெரியும். அந்தத் தடம் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால் பட்டை மாற்ற வேண்டியது. தாய்ப் பட்டையின் இரு கண்ணுக்கும் இடையே நூல் பிடித்து வளைவை அளப்பார்கள். இடமும் வலமும் சமமாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

திரும்பப் பூட்டும்போது ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரத்தில் தரையில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். தூக்கி நிறுத்திய நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். இதைத் தவறாமல் சொல்லி அனுப்பும் பட்டறையே நல்ல பட்டறை.

வண்டியை எவ்வளவு உயர்த்தலாம் என்பதில் 50 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கெடும், பிரேக் ஹோஸ் இழுபடும், முகப்பு வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் விழும். கூரைக் கூடாரமும் சேர்ந்தால் எடை மேலே ஏறி, அஞ்செட்டி இறக்கத்துக் கொண்டையூசி வளைவுகளில் வண்டி ஆபத்தாகச் சாயும். உயரமான வண்டிதான் காட்டு வண்டி என்ற எண்ணம் இத்துறையில் மிகப் பெரிய தீங்கு செய்திருக்கிறது.

டயர், நீர், மின்சாரம்

பாதி மண்ணுக்கும் பாதி தாருக்குமான ஆல்-டெரெய்ன் டயரே இந்த வட்டாரத்துக்குப் போதுமானது. ஆழ்பள்ளம் கொண்ட மட்-டெரெய்ன் டயர், பெரும்பகுதி நான்குவழிச் சாலையில் ஓடும் வண்டிக்கு இரைச்சலையும் நீண்ட பிரேக் தூரத்தையும்தான் தரும். மணலில் செய்வதுபோலக் காற்றை 18 பவுண்டுக்கு இறக்குவது இங்கே தவறு. குவாரிப் பக்கத்துக் கூர்மையான கருங்கல் சில்லு, தளர்ந்த டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். 25 பவுண்டு அளவில் நிறுத்தி மெதுவாக ஓட்டி, தார்ச்சாலை ஏறியதும் கம்ப்ரசரால் பழைய அளவுக்கு நிரப்புவது பாதுகாப்பானது.

தொட்டஹள்ளா போன்ற காட்டாறுகள் பெரும்பாலும் வறண்டிருக்கும். மேலே மழை பெய்தால் திடீரென்று நிரம்பும். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடு வளையும். டிஃபரன்ஷியலின் காற்றுக்குழாயை உயரத்துக்கு நீட்டிவைப்பது சிறு செலவில் பெரும் காப்பு.

முகாம் மின்சாரத்துக்கு எஞ்சின் பேட்டரியை நம்பக்கூடாது. இரண்டாவது பேட்டரி தனியே வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கும். ஈய அமில வகையில் அதில் பாதியே கெடாமல் எடுக்கத்தக்கது. ஒரு சிறு குளிர்பெட்டிக்கும் விளக்குக்கும் ஒருநாள் சரியாக இருக்கும். எக்சைடின் ஆலையே ஓசூரில் இருப்பதால் ஈய அமில பேட்டரி இங்கே எளிதில் கிடைக்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பாதி எடைக்கும் குறைவு, விலை அதிகம்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்சநீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம், மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தந்தது. முன்புற இரும்புக் காப்புச் சட்டத்தை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடைசெய்துவிட்டது. தேடுவிளக்கு பொருத்தப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். தொட்டியில் போல்ட்டால் நிறுத்தி, வேண்டும்போது இறக்கிவைக்கக்கூடிய கூடாரத்தையும் பெட்டியையும் சுமையாகக் கருதலாம் என்று வாதிட இடமுண்டு. தொட்டியில் ஆட்களை ஏற்றி ஓட்டுவது மட்டும் எந்த விளக்கத்துக்கும் அடங்காத குற்றம். தமிழகத்துச் சாலைகளில் அதற்குப் பலியான உயிர்கள் ஏராளம்.

காட்டுக்கும் சட்டம் உண்டு. 2014இல் காவிரி வடக்குச் சரணாலயமும் (504 சதுர கிலோமீட்டர்), 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும் (686 சதுர கிலோமீட்டர்) அறிவிக்கப்பட்டன. வனத்துறை அனுமதியின்றி உள்ளே வண்டி ஓட்டவோ தங்கவோ முடியாது. ராகி அறுவடைக் காலத்தில் பன்னர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக்கூட்டங்கள் இறங்கும். அப்போது பட்டா நிலத்தில்கூட, ஊர்க்காரர் காட்டும் இடத்தில் மட்டுமே கூடாரம் போட வேண்டும்.

தற்போதைய நிலை

2020இல் லேலண்ட் இன்னும் அதிகம் சுமக்கும் படா தோஸ்தைக் கொண்டுவந்தது. டிஎன் 70 (ஓசூர்), டிஎன் 24 (கிருஷ்ணகிரி) எண்கொண்ட இரட்டை அறைப் பிக்கப்புகளுக்கான கூரைக் கூடாரம், ஃபைபர் கூடு ஆகிய வேலைகள் பெரும்பாலும் பெங்களூருக்குப் போகின்றன. கமான், வெல்டிங், டிங்கர் வேலைகள் உள்ளூரிலேயே முடிகின்றன.