கல் முகப்புப் பொருத்துமுறை

கட்டடத்தின் வெளிச்சுவரில் கல் பலகைகளைச் சிமெண்ட் கலவையால் ஒட்டாமல், துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்புகளால் தாங்கி நிறுத்தும் முறை. பலகையின் விளிம்பில் துளையிட்டு ஊசியையோ, காடி வெட்டித் தகட்டையோ செருகுவர். கிளாம்பு சுவரில் ஆங்கர் போல்ட்டால் இறுக்கப்படும். சில பொருத்திகள் எடையைச் சுமக்கும். மற்றவை காற்றின் இழுப்பைத் தடுக்கும். வெயிலில் கல் விரிவதற்கு இடைவெளி விட்டே ஆகவேண்டும். பொருத்தி உறுதியாயிருந்தாலும் கல் காலைவாரலாம். சிகாகோவில் 1970களில் எழுந்த 83 மாடி அமோகோ கட்டடத்தில் (இன்று ஏயான் சென்டர்) மெல்லிய கராரா பளிங்குப் பலகைகள் வளைந்து விரிசலிட்டன. எஃகுப் பட்டைகளால் தற்காலிகமாகக் கட்டினர். பிறகு 1990–92இல் சுமார் 43,000 பலகைகளையும் கழற்றி, தடித்த வெள்ளைக் கிரானைட்டைப் பொருத்தினர். செலவு 8 கோடி டாலரைத் தாண்டியது.