பொருளியல் ஆசிரியரும் அவர் காண வேண்டிய ஊரும்

ஒசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி, சிப்காட் தொழிற்பேட்டையின் வரவால் வயல்வெளி மறைந்து ஆலைகளும் வாடகைக் குடியிருப்புகளும் நிறைந்த ஊராயிற்று. 2011இல் ஒசூர் நகராட்சியோடு இணைந்தது. ஒசூர் 2019இல் மாநகராட்சியாயிற்று. இத்தகைய வட்டாரத்து அரசுக் கலைக் கல்லூரிக்கு இளம் பொருளியல் ஆசிரியர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது எதை அளவுகோலாகக் கொள்வது? நம் மாநில வரலாற்றிலேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1915இல் இந்தியப் பொருளியலுக்கெனப் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தி, கில்பர்ட் ஸ்லேட்டரை நியமித்தது. அவர் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் கல்விக்கென அமைந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராயிருந்தவர். இந்நாட்டுக்குப் புதியவரான அவர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் ஆகியவற்றை விசாரித்து எழுதச் செய்தார். 1916இல் தொடங்கிய அப்பணி 1918இல் நூலாயிற்று. அவர் 1921இல் விடைபெற்றார், பதவி நிலைத்திருந்தது. ஆகவே பின்வந்த பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணனுடன் சேர்ந்து 1936-37இல் அவ்வூர்களை மீண்டும் ஆராய முடிந்தது. அவற்றுள் ஒன்றான கங்கைகொண்டானில் இன்று சிப்காட் வளாகம் நிற்கிறது.

இப்னு கல்தூனும் இவ்வழியினரே. அரசவைகளையும் பாலைநிலக் குடிகளையும் நேரில் கண்ட பின்னரே, 1377இல் முகத்திமாவில் உழைப்பு, விலை, வரி பற்றி எழுதினார். கெய்ரோவின் கம்ஹிய்யா மதரஸா அவரை 1384இல் முதர்ரிஸாக ஏற்றபோது, அந்த அனுபவமும் அவரோடு வகுப்பறைக்குள் நுழைந்தது.

இன்றைய நியமனத்திற்கு முதுகலையில் 55 விழுக்காடும், நெட் அல்லது செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் 4000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு வெளியிட்ட அறிவிப்பில் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் இடம்பெற்றன. பரிந்துரைக்கு இடந்தராத பொதுத்தேர்வு நன்றே. அதை நாம் குறைகூறவில்லை. ஆயினும் அது கற்றதை அளக்கிறது. காணும் கண்ணை அளப்பதில்லை. மூக்கண்டப்பள்ளியில் நிலத்தை விற்றவர் இன்று என்ன செய்கிறார், ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியில் அறை வாடகை எவ்வளவு என்று மாணவரை விசாரிக்கச் செய்வீர்களா என நேர்முகத்தில் ஒரு வினா கேட்கலாமன்றோ!

மற்றொன்றும் உண்டு. நிரந்தரப் பணியிடங்களைக் காலியாக விட்டுக் கௌரவ விரிவுரையாளரைத் தொகுப்பூதியத்தில் அமர்த்தினால், அடுத்த ஆண்டு இருப்போமா என்று அறியாத அவர் எந்த ஊரைத் தொடர்ந்து ஆராய்வார்? இருபதாண்டு கழித்து அதே ஊருக்குத் திரும்பிச் சென்று பார்க்கும் கல்வி, நிலைத்த பதவியிலிருந்தே பிறந்தது. ஆலைத் தொழிலாளியின் பிள்ளை தன் தந்தையின் கூலியைப் பாடமாகக் கற்கும் வாய்ப்பு, அந்த ஒரு நியமனத்தில் அடங்கியிருக்கிறது.