இணையவழிப் பேச்சுப் பரீட்சையும் புலம்பெயர்ந்தோர் தமிழும்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பெற்றோர் வதிவுரிமைக்காக ஆங்கிலப் பேச்சுப் பரீட்சைக்கும், ஆங்கிலமே இயல்பான பாஷையாகிவிட்ட அவர்தம் பிள்ளைகள் வார இறுதி வகுப்பில் தமிழ்ப் பேச்சுப் பரீட்சைக்கும் ஏககாலத்தில் ஆயத்தம் செய்வது அபூர்வமன்று. இவ்விரண்டிலும் புகுந்துவரும் இணையவழிச் சாதனங்களிடம் பேச்சைப் பதிந்து பாதுகாக்கும் பணியை நம்பி ஒப்படைக்கலாம். தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை, விசேஷமாகத் தமிழைப் பொறுத்தவரை, ஒப்படைக்கலாகாது என்பது என் துணிபு.

திறன்மிகு குடியேறிகள் பிரிவில் விண்ணப்பிப்போர் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 6.5 அல்லது பி.டி.இ. தேர்வில் 58 பெற்று ஆங்கிலத் தகுதியை நிறுவலாம். முன்னதில் தேர்வாளர் ஒருவர் 11 முதல் 14 நிமிஷம் வரை உரையாடி, சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகியவற்றைக் கணிக்கிறார். 2009-இல் தோன்றிய பின்னதிலோ, உரையை வாசித்தல், கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லுதல், படத்தை விவரித்தல் முதலியன ஒலிவாங்கியை நோக்கி நிகழ, மதிப்பீட்டில் கணிப்பொறியே பெரும்பங்கு கொள்கிறது. இயந்திரத்துக்குத் தாட்சணியமும் களைப்பும் இல்லை என்பது மெய்யே. ஆயினும், விளங்காததை மறுபடி வினவுவதும், முறிந்த பேச்சை ஒட்டவைத்து நடத்திச் செல்வதுமே சம்பாஷணையின் ஜீவநாடி. கேட்பவரே இல்லாத இடத்தில் அதனை அளப்பது எங்ஙனம்?

தமிழில் இச்சிக்கல் பன்மடங்காகிறது. ஏட்டில் ‘வந்திருக்கிறார்கள்’ என்று எழுதுவதையே தமிழ்நாட்டுச் சிறுமி ‘வந்திருக்காங்க’ என்றும், யாழ்ப்பாணத்துச் சிறுவன் ‘வந்திருக்கினம்’ என்றும் சொல்லுகின்றனர். இருவரும் பிழையின்றியே பேசுகின்றனர். எழுத்துத் தமிழை வாசித்த குரல்களைக் கொண்டு பயிற்றப்பட்ட கருவியொன்று, பாட்டியிடம் கற்ற இவ்வுயிருள்ள பிரயோகங்களைக் குற்றமென்று தள்ளி, மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் மாணவனுக்கு உயர்ந்த மதிப்பெண் வழங்கக்கூடும். அப்படி நேர்ந்தால், பிள்ளை வீட்டில் பேசும் தமிழையே அதற்குக் கூச்சமாக்கிவிடுவோம். பின்னர் எந்த வகுப்பாலும் அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய இயலாது.

நல்வழி நியூசிலாந்துப் பள்ளிக்கூடங்களிலேயே உண்டு. அயல்மொழி மாணவரை ஆசிரியர் ஒருமுறை வினவும் பழைய நேர்காணலை நீக்கி, ஆண்டின் வெவ்வேறு சந்தர்ப்பங்களில் அவர்கள் பிறருடன் இயல்பாக உரையாடிய பதிவுகளைத் திரட்டி மதிப்பிடும் முறை 2011 முதல் படிப்படியாக அமலுக்கு வந்தது. இதனை ஆராய்ந்த ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்து மார்ட்டின் ஈஸ்ட், இம்முறையின் இயல்புத்தன்மையை ஆசிரியர்கள் வரவேற்றதையும், வேலைப்பளு மிகுந்ததாக அவர்கள் வருந்தியதையும் ஒருங்கே எடுத்துக்காட்டினார். அப்பளுவைக் குறைப்பதே இணையச் சாதனத்தின் தக்க தொண்டு. சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தமிழ்ப் பேச்சுத் தேர்விலும் மாணவர் கணினியில் ஒளிக்காட்சியைக் கண்டாலும், உரையாடுவது தேர்வாளருடனேயே.

நியூசிலாந்தின் தேசியத் தேர்வுமுறையில் தமிழுக்குத் தனிப்பாடமாக இடமில்லாமையால், நம் ஆசிரியர்கள் எவர் அனுமதிக்கும் காத்திராமல் தமக்குரிய முறையை வகுத்துக்கொள்ளலாம். பெற்றோர் இசைவுடன், பிள்ளைகள் தம்முள்ளும் முதியோரிடத்தும் பேசுவதைக் கைப்பேசியில் பதிந்து, ஈழத்துத் தமிழறிந்த ஒருவரும் தமிழ்நாட்டுத் தமிழறிந்த ஒருவருமாக இருவர் தனித்தனியே கேட்டு மதிப்பிடும் ஏற்பாட்டை, மவுண்ட் ரோஸ்கில் வட்டாரத்து ஆசிரியர்கள் வரும் பருவத்திலேயே தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.