வடக்குக் கரையோரத்தில் வாங்கும்போது: யார் கைப்பொருள், யார் வீட்டுப் பொருள்?

ஆடி, ஆவணி மாதங்களில் நல்லூர்த் திருவிழாவை ஒட்டிப் புலம்பெயர் உறவுகள் ஊருக்கு வருகிறார்கள். தெற்கிலிருந்து சுற்றுலாப் பயணிகளும் வருகிறார்கள். திரும்பிப் போகும்போது ஒரு கடகம், இரண்டு குட்டான் பனங்கட்டி, ஒரு பொதி கருவாடு, அகப்பட்டால் ஒரு பழைய குத்துவிளக்கு என்று பயணப்பொதி நிரம்புகிறது. முதல் மூன்றும் யாரோ ஒருவர் உழைத்துச் செய்தவை. கடைசியாகச் சொன்ன குத்துவிளக்கு யாரோ ஒருவர் வீட்டில் எரிந்தது. கைப்பொருளை வாங்கும்போது பணம் செய்தவருக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுப் பொருளை வாங்கும்போது அது எப்படிக் கடைக்கு வந்தது என்று கேட்க வேண்டும்.

ஓலையும் நாரும்

பனையோலைப் பொருட்களில் நாளாந்தப் பாவனைக்குரியவை கடகம், பெட்டி, நீத்துப்பெட்டி, சுளகு, பாய், உமல் போன்றவை. கடகம் வாங்கும்போது மூலைகளையும் விளிம்பையும் கையால் அழுத்திப் பாருங்கள். ஓலையால் இழைத்து, நாரால் இறுக்கிப் பொத்திய கடகம் சுமை தாங்கும். அலங்காரத்துக்குச் செய்தது பார்வைக்கு அழகாக இருந்தாலும் அந்தப் பாரத்தைத் தாங்காது. சாயம் போட்ட பொருளை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பார்த்தால் நிறம் கழருமா என்று தெரியும்.

பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ விற்பனை நிலையங்களிலும், யாழ். பேருந்து நிலையத்தை அண்டிய சந்தைப் பகுதியிலும், திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரி, கொடிகாமம் சந்தைகளிலும் இவற்றைத் தேடலாம். 1978இல் உருவாக்கப்பட்ட இந்தச் சபையைத் தவிர, பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களும் பனை உற்பத்திகளை விற்கின்றன. ஆனாலும் இழைப்பவரின் வீட்டுக்கே போய் வாங்குவதைப்போல வராது. “அம்மா, இது நீங்கள் இழைச்சதோ?” என்று கேளுங்கள். ஆமென்றால் பேரம் பேசாதீர்கள். ஓலையை வாங்கி, காயவைத்து, வார்ந்து, இழைத்து முடிக்கும்வரை செலவான நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. போரில் கணவனை இழந்த, அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்கள் பலருக்கு வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய தொழில்களில் இதுவும் ஒன்று.

பனங்கட்டி, ஒடியல், பனாட்டு

கருப்பநீர் ஆண்டின் முற்பகுதியில்தான் தாராளமாகக் கிடைக்கும். நல்ல பனங்கட்டி வாங்க அதுவே ஏற்ற காலம். கருப்பநீரைக் காய்ச்சியெடுத்த பனங்கட்டி மழைநாளில் கசியும், இளகும். எந்தக் காலத்திலும் கல்லுப்போல இறுகி, வெளிர்நிறமாக மினுங்கினால் அதில் சீனி கலந்திருக்குமா என்று சந்தேகிக்க இடமுண்டு. வாங்குமுன் ஒரு சிறு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒடியல் பச்சைக் கிழங்கைக் கிழித்துக் காயவைத்தது. புழுக்கொடியல் அவித்துக் காயவைத்தது. கூழுக்கு ஒடியல்மா, மென்று தின்பதற்குப் புழுக்கொடியல். நன்றாகக் காய்ந்தது சடக்கென்று முறியும். துளை விழுந்திருந்தால் வண்டு இருக்கிறது. பனாட்டு பனம்பழம் விழும் காலத்தில் அதன் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைப்பது. அது கருமையாக இருப்பது குறையல்ல.

கருவாடு

சந்தையில் இருப்பதெல்லாம் எங்கள் கடலில் பிடித்தது என்று எண்ணிவிடக்கூடாது. இலங்கை வெளிநாட்டிலிருந்தும் நெத்தலியும் கருவாடும் இறக்குமதி செய்கிறது. ஆகவே எந்தக் கரையில் பிடித்தது, எங்கே காயவைத்தது என்று கேளுங்கள். குருநகர், பாசையூர், மன்னார் பேசாலை, முல்லைத்தீவு ஆகிய கரைகளில் மீனவக் குடும்பங்களிடமே வாங்கலாம். மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகள் மூடப்பட்டிருந்து 2017 ஜூலையில்தான் மக்களிடம் திரும்பியது. அங்கே மீண்டும் தொழில் தொடங்கியவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் பெறுமதியானது. விரலால் அழுத்தினால் ஈரம் தெரிவதையும், மணல் ஒட்டியிருப்பதையும் தவிருங்கள்.

பழம்பொருள் வாங்குமுன்

மூக்குப்பேணி, செம்பு, தாம்பாளம், பாக்குவெட்டி, பெட்டகம், சாய்மனைக் கதிரை, நாற்சார் வீட்டின் தூணும் கதவும் எல்லாம் இன்று விலைப்பொருட்கள். குடும்பம் ஒன்று தானாக விரும்பி விற்றது இவற்றில் நிறையவே உண்டு. அதில் தவறில்லை. ஆனால் இந்த மண்ணில் வீடுகள் வேறுவிதமாகவும் வெறுமையாகின.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினார்கள். அந்த நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயமாகின. பல்லாண்டுகளின் பின் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டபோது திரும்பியவர்களில் பலர் கண்டது கூரையும் கதவும் நிலையும் இல்லாத சுவர்களை. சிலருக்குச் சுவரும் இல்லை. 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வீட்டுப் பாத்திரங்களும் தளபாடங்களும் அங்கேயே நின்றன. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. பித்தளைச் சாமான்களைக் கிணற்றில் இறக்கியும் நிலத்தில் புதைத்தும் விட்டுப்போனவர்கள் உண்டு. பின்னர் வன்னியிலும் இதுவே நடந்தது.

எனவே விலை கேட்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, எந்த ஊரிலிருந்து, யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள். நேராக வாங்கிய வியாபாரி ஊரையாவது சொல்வார். இரண்டாவது, பாத்திரத்தின் விளிம்பையும் அடியையும் பாருங்கள். எங்கள் வீடுகளில் பெயரின் முதலெழுத்துக்களைப் பொறித்துவைக்கும் வழக்கம் உண்டு. கோயில் விளக்கிலும் மணியிலும் உபயகாரர் பெயர் இருக்கும். அந்த இடம் அராவியிருந்தால் விட்டுவிடுங்கள். மூன்றாவது, கோயிற் பொருள் என்று தெரிந்தால் வாங்காதீர்கள், அந்தக் கோயிலுக்குத் தகவல் சொல்லுங்கள். களவுப் பொருள் என்று தெரிந்துகொண்டே வாங்குவதும் குற்றம்.

வெளிநாடு கொண்டுபோவது

1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டமும் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமும் பழம்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகின்றன. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருளைக் கொண்டுபோவதானால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியை முற்கூட்டியே பெறுங்கள். ‘ஒன்றும் பிரச்சினை இல்லை’ என்ற கடைக்காரரின் வாய்வார்த்தை விமான நிலையத்தில் செல்லாது. பவளப்பாறைத் துண்டு, கடலாமை ஓடு ஆகியவற்றைத் தொடவே வேண்டாம், அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வலம்புரிச் சங்கு என்று சொல்லி இலட்சக்கணக்கில் விலை பேசுவோரையும் தவிருங்கள். அவுஸ்திரேலியா போவோர் உணவுப் பொருட்களையும் ஓலை, மரப் பொருட்களையும் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

விற்க நினைப்பவர்களுக்கு

கடனுக்காகவோ பிள்ளையின் படிப்புக்காகவோ வீட்டுப் பித்தளையை விற்க வேண்டி வரலாம். அப்படியானால் முதலில் படம் எடுத்து, யாருடையது, எப்போது வீட்டுக்கு வந்தது என்று எழுதி வையுங்கள். நிறுவைக்குக் கொடுக்காதீர்கள், இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ஏட்டுச்சுவடி, பழைய உறுதி, கடிதம், கையெழுத்துப் பிரதி போன்றவற்றை விற்கவே வேண்டாம். 1981இல் யாழ். நூலகத்தோடு எரிந்தவற்றில் ஏடுகளும் இருந்தன. 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் ஆவணங்களைப் படியெடுத்துப் பாதுகாக்கின்றன. வீட்டுப் பொருளைக் கொடுத்துவைக்க விரும்பினால், நாவற்குழியில் 2020இல் திறக்கப்பட்ட சிவபூமி அரும்பொருட் காட்சியகம் போன்ற இடங்களில் விசாரிக்கலாம்.

உங்கள் வீட்டுப் பொருளைக் கடையில் கண்டால் சண்டை பிடிக்காமல் அடையாளத்தோடு படம் எடுத்து, ஊர்ப் பெரியவர் ஒருவருடன் போய்ப் பேசிப் பாருங்கள். தீராவிட்டால் பொலிஸில் முறையிடலாம். இடம்பெயர்ந்த அயலவரின் அண்டாவோ கிடாரமோ இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் கொழும்பில் இருந்தாலும் புத்தளத்தில் இருந்தாலும் கனடாவில் இருந்தாலும், அது இங்கே பத்திரமாக இருக்கிறது என்று ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடுங்கள்.